பயணிகளுக்குப் பதினான்கு எச்சரிக்கைகள்

"இந்தக் கோடையில் என் கட்டிலில் நான்தான் படுப்பேன்!"

மே மாதத்து ஒரு காலையில், முகம் முழுக்கச் சவர நுரையோடு, கண்ணாடியைப் பார்த்து யெர்கோ இந்தச் சபதத்தை எடுத்தான். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் துணிச்சலில் இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னான்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?" சமையலறையிலிருந்து மனைவி தோப்ரிலாவின் குரல் வந்தது.

"யார்கிட்டயும் இல்ல. இருமினேன்."

அறுபத்திரண்டு வயது மனிதன் தன் வீட்டில், தன் கட்டிலில் படுப்பதற்குச் சபதம் எடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேலா லோசாவில் எடுத்துத்தான் ஆக வேண்டும். குரோஷியாவின் கடலோரத் தீவுகளில் ஜூன் பிறந்துவிட்டால் வீட்டுக்காரர்கள் மாடியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஆளுக்கொரு தலையணையோடு நிலவறைக்கு இறங்கிவிடுவார்கள். செப்டம்பர் முடிந்த பிறகுதான் மேலே ஏறுவார்கள். பன்னிரண்டு கோடைகளாக யெர்கோ ஒயின் பீப்பாய்க்கும் உப்பிலிட்ட மத்திப் பானைக்கும் நடுவே, மடக்குக் கட்டிலில் மடங்கிக் கிடந்திருக்கிறான். மேலே யாரோ ஒரு ஜெர்மன்காரர் கை காலை விரித்துப் படுத்திருப்பார்.

போதாக்குறைக்குப் போன குளிர்காலத்தில்தான் புதுக் கட்டில் வந்திருந்தது. வாதுமை மரம். முழங்கால் உயரத்துக்கு மெத்தை. கடைக்குப் போனவள், பேரம் பேசியவள், சுமந்து வரச் சொல்லி மாடிப்படியில் நின்று கத்தியவள் எல்லாம் தோப்ரிலா. ஆனால் சபதத்தில் அது 'என் கட்டில்' ஆகிவிட்டது, கவனித்தீர்களா? 'நம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை உச்சரித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமோ என்னவோ! நான்கு மாதம் விருந்தாளிகளின் விரிப்புகளைத் துவைத்து, தரையைத் துடைத்து, குளியலறையில் கிடக்கும் மணலை அள்ளுபவளும் அதே நிலவறையில், அதே மத்தி வாசத்தில்தான் படுக்கிறாள். அவள் ஒரு சபதமும் எடுக்கவில்லை. எடுக்க நேரம் இருந்ததா என்று கேளுங்கள்.

யெர்கோ துறைமுக அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படகு புறப்படும் நேரம், புயல் எச்சரிக்கை, இங்கே மீன் கழுவாதீர், அங்கே எச்சில் துப்பாதீர் என்று அறிவிப்பு எழுதிப் பலகையில் ஒட்டுவதுதான் அவன் வேலை. 'ஒட்டினா ஒட்டினதுதான்' என்பது அவன் கொள்கை. ஒருமுறை ஆறு மணிப் படகுக்குக் கை தவறி ஐந்து மணி என்று எழுதிவிட்டான். அறிவிப்பைத் திருத்துவது கௌரவக் குறைச்சல் என்று படகையே ஐந்து மணிக்கு அனுப்பிவைத்தான். கேப்டன் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். படகு போய்விட்டது.

சவரம் முடித்து வந்து உட்கார்ந்தவன் முன்னால் தோப்ரிலா காப்பியை வைத்தாள்.

"யெர்கோ, ஒரு வேலை இருக்கு."

"முதுகு வலிக்குது."

"எழுதுற வேலை."

"சொல்லு."

"வர்றவங்க தினம் ஒரே கேள்வியைக் கேக்கிறாங்க. பஸ் எப்போ, ரொட்டி எங்க, குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா, மத்தியானம் ஏன் கடை பூட்டிக் கிடக்குது... பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வறண்டு போகுது. எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொடு. நம்ம நெவென்கா இங்கிலீஷ்லயும் ஜெர்மன்லயும் மாத்தி, இன்டர்நெட்ல நம்ம வீட்டு விளம்பரத்தோட போட்டுடுறேன்னு சொல்றா. வர்றதுக்கு முன்னாடியே படிச்சுக்குவாங்க."

நெவென்கா அவர்கள் மகள், தலைநகரில் வேலை பார்க்கிறாள். யெர்கோவின் காதில் மகள் பெயர் விழவில்லை. கடைசி வரி மட்டும் விழுந்தது.

"வர்றதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா."

"உண்மையை எழுதலாமா?"

"உண்மையைத்தானே எழுதணும்."

"நான் எழுதினதுல ஒரு எழுத்தை மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன்."

"சரி, அதைப் படிச்சிட்டு யாரும் வரலைன்னா? என்மேல பாயக் கூடாது!"

தோப்ரிலா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "ஜூன் பதிமூணு, அந்தோனியார் திருநாள். அதுவரைக்கும் பார்ப்போம். நம்ம படுக்கையறைக்கு அதுக்குள்ள ஆள் வந்தா, வாய் பேசாம நிலவறைக்கு வந்துடணும். வரலைன்னா இந்தக் கோடை முழுக்க அந்தக் கட்டில்ல நீ படுத்துக்கலாம். சரியா?"

சந்தையில் ஒரு கிலோ தக்காளிக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே, ஏன்? யாருக்கும் சந்தேகம் வரும். யெர்கோவுக்கு வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினான். முதுகுவலி வீட்டிலேயே தங்கிவிட்டது.

படித்துறையில் பக்கத்து வீட்டுக் குஸ்மா வலை பின்னிக்கொண்டிருந்தான். அவனும் ஒரு நிலவறைவாசிதான்.

"குஸ்மா, இந்த ஊர்ல எது மோசம், சொல்லு."

"உன் பாட்டு."

"விளையாடாதடா. வர்றவங்க பயந்து ஓடணும்."

குஸ்மா வலையைக் கீழே போட்டான். இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அவன் பிறவி எடுத்திருந்தான். "எழுதிக்கோ. மத்தியானம் ஒரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் ஊரே தூங்கும். கடை கிடையாது, பேச்சு கிடையாது. சத்தம் போட்டா பாதிரியாரே சன்னலைத் திறந்து திட்டுவாரு."

"அருமை. அடுத்தது?"

"வீட்டுல இருந்து கடலுக்கு நூத்தி எண்பத்தேழு படி. இறங்கிடலாம். ஏறுறப்போதான் வாழ்க்கை வெறுக்கும்."

"போன்?"

"கல்லறைச் சுவர்கிட்ட நின்னாத்தான் சிக்னல் வரும். செத்தவங்களுக்குத்தான் நல்லா கிடைக்குது."

"சாப்பாடு?"

"நான் என்ன மீன் பிடிக்கிறேனோ அதுதான். நான் பிடிக்கலைன்னா கீரையும் உருளைக்கிழங்கும்."

யெர்கோவின் பேனா பறந்தது. பஸ் ஒன்றுதான், ஓட்டுநர் வழியில் தன் அக்கா வீட்டில் இறங்கிக் காப்பி குடிப்பார். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து கையில் அத்திப்பழத்தைத் திணிப்பார்கள். பார்ப்பதற்கு எதுவும் இல்லை. ஒரே ஒரு கோபுரம் உண்டு, அதன் கடிகாரமும் நின்றுபோயிற்று.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "முதல் எச்சரிக்கைக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன். எங்க படுக்கையறையில ரெண்டு சன்னல். எதிரெதிரா."

குஸ்மாவின் முகம் வெளிறியது. "டேய். குறுக்குக் காத்தா?"

"அதேதான்."

வேலா லோசாக்காரர்கள் கடலில் சுறா வந்தால் வேடிக்கை பார்க்கப் போவார்கள். புயலில் படகு ஓட்டுவார்கள். ஆனால் எதிரெதிரே இரண்டு சன்னல்களைத் திறந்துவிட்டால் நடுவே ஓடுகிறதே ஒரு காற்று, அதற்கு முன் வீரன் என்று எவனும் கிடையாது. கழுத்துப் பிடிப்பு, காது வலி, மூட்டு வலி, அகால மரணம் எல்லாம் அதன் வேலை என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"எங்க பெரினா அத்தையைக் கொண்டுபோனதே அதுதான்," என்றான் குஸ்மா.

"அவங்க தொண்ணூத்தேழு வயசுலடா செத்தாங்க!"

"செத்தது அப்போ. காத்து பட்டது அவங்க கல்யாணத்தன்னிக்கு. உள்ளேயே பதுங்கி இருந்திருக்கு பாரு, எவ்வளவு வஞ்சம்!"

யெர்கோ முதல் எச்சரிக்கையை எழுதி வாசித்துக் காட்டினான்: "படுக்கையறையில் சன்னல்கள் இரண்டு, எதிரெதிரே. இரண்டுக்கும் கதவு கிடையாது. இரவும் பகலும் குறுக்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். நிர்வாகம் பொறுப்பல்ல."

"கதவு இருக்கேடா?"

"இருந்தா என்ன? எழுத்துல ஒரு வேகம் வேணாமா?"

உண்மையை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டு இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒன்பதாவது எச்சரிக்கையில் அவன் தன் துயரம் முழுவதையும் கொட்டினான். "வீட்டின் அடியில் நிலவறை உள்ளது. சன்னலே இல்லை. சூரியன் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஆகஸ்ட் மாதத்திலும் கம்பளி போர்த்தாமல் படுக்க முடியாது. பழைய ஒயின் வாசமும் அத்திப்பழ வாசமும் விடாது. வெளிச் சத்தம் எதுவும் கேட்காது. உங்கள் பொருட்டு ஒரு முதியவர் அங்கே கிடக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளவும்." எழுதிவிட்டு அவனுக்கே கண் கலங்கியது.

பதினான்காவது அலுவலகத் தோரணையில் முடிந்தது: "இந்த வீட்டை விட்டால் இவ்வூரில் படுக்க வேறு இடமே கிடையாது. நன்கு யோசித்து முடிவு செய்யவும்."

தோப்ரிலா தாளை வாங்கி முழுவதும் படித்தாள். முதல் எச்சரிக்கையை இரண்டு முறை படித்தாள்.

"எல்லாம் சரிதானே? எதையும் மாத்தணுமா?"

"மாத்தவா? ஒட்டினா ஒட்டினதுதான்!"

"அதான் கேட்டுக்கிட்டேன்," என்றாள். அன்று மாலையே தாளின் படம் மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பிரதி வீட்டு வாசலிலும் ஒட்டப்பட்டது. யெர்கோவே பசை தடவினான்.

ஜூன் பிறந்தது. பக்கத்து வீடுகளில் எல்லாம் சக்கரம் வைத்த பெட்டிகள் கடகடவென்று ஏறின. யெர்கோ வீட்டுப் படியில் ஒரு சக்கரமும் உருளவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிக்குப் போனான். இரண்டு சன்னலையும் இறுகச் சாத்தினான். கதவிடுக்கில் துண்டைத் திணித்தான். வாதுமைக் கட்டிலில் ராஜாபோல விழுந்தான்.

வீட்டு போன் மட்டும் அடிக்கடி ஒலித்தது. விருந்தாளிகளிடம் பொறுக்கிய இங்கிலீஷை வைத்துத் தோப்ரிலா பேசுவாள். யெர்கோவுக்கு அந்த மொழியில் புரிந்த ஒரே சொல் 'நோ'. அவளோ "நோ, நோ" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். பிறகு மூச்சு விடாமல் ஏதேதோ பேசுவாள். மறுமுனையில் இருப்பவர்கள் பயந்து கேள்வி கேட்கிறார்கள், இவளும் இல்லை இல்லை என்று கெஞ்சிப் பார்க்கிறாள், பாவம்! யெர்கோ விரல் விட்டு எண்ணினான். எட்டு பேர் ஓடியாயிற்று.

"எட்டு நோ!" என்று படித்துறையில் குஸ்மாவிடம் விரலைக் காட்டினான். "நீயும் ஒரு தாள் எழுதுடா. உனக்கும் விடுதலை."

இதற்கிடையே தோப்ரிலா நிலவறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மத்திப் பானையைக் கொட்டகைக்கு மாற்றினாள். அலமாரியிலிருந்து கம்பளிகளை எடுத்து உதறி, வெயிலில் போட்டாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"கீழ படுக்கணும்ல? சுத்தமா இருக்க வேணாமா?"

தோற்கப்போவது தெரியாமல் ஏற்பாடு செய்கிறாளே என்று யெர்கோவுக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம் ஒரு கோப்பைக் காப்பி முடியும் வரை நீடித்தது. வாளியைத் தூக்கிக் கொடுக்கலாம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

அந்தோனியார் திருநாள் வந்தது. கோவிலில் குஸ்மாவைக் காணவில்லை. அதைப் பற்றி யோசிக்கும் மனநிலையில் யெர்கோ இல்லை. பூசை முடிந்ததும் நூற்று எண்பத்தேழு படிகளை இளைஞனைப்போல ஏறி வீட்டுக்கு வந்தான். தோப்ரிலா பாதாம் கேக் சுட்டு வைத்திருந்தாள்.

"என்ன, ஆள் வந்தாச்சா?"

"படுக்கையறைக்கா? ஒருத்தரும் இல்ல. நீ ஜெயிச்சுட்டே, யெர்கோ."

இப்படி ஒரு வாக்கியத்தை முப்பத்தொரு வருட மணவாழ்க்கையில் அவன் கேட்டதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னாள். கேக்கை இரண்டு துண்டு தின்றான். ஜெயித்தவன் கடைசியாக ஒருமுறை சிறையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நிலவறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே இரண்டு மடக்குக் கட்டில்கள். இரண்டிலும் ஆள். ஒரு நெட்டைப் பெண், அவளைவிட நெட்டையாய் ஓர் ஆண். இருவரும் கம்பளியைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சொர்க்கத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப்போல விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யெர்கோவைக் கண்டதும் எழுந்து கையைக் குலுக்கினார்கள். அங்கே சுவரிலும் தோப்ரிலா ஒரு பிரதி ஒட்டியிருந்தாள்; அந்தப் பதினான்கு எச்சரிக்கைகளையும் அவனையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

யெர்கோ கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடினான். "கீழ யாரு?"

"டென்மார்க்காரங்க. பதினோரு மணிப் படகுல வந்தாங்க."

"நிலவறைக்கா?"

"செப்டம்பர் முப்பது வரைக்கும் அங்க வரிசையா ஆள் இருக்கு. ஐரோப்பா முழுக்க வெயில் மண்டையைப் பிளக்குது. ஆகஸ்ட்லயும் கம்பளி வேணும்னு நீ எழுதியிருக்கே. சத்தமே கேக்காதுன்னு வேற எழுதியிருக்கே. விடுவாங்களா? அந்த முதியவரையும் பாக்கணுமாம்."

யெர்கோ ஒரு கணம் திகைத்தான். பிறகு அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அப்போ கட்டில்?"

"உனக்குத்தான். ஜெயிச்சவனாச்சே. போய்ப் படு, மணி ஒண்ணாகப் போகுது."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினான். படுக்கையறைக் கதவைத் திறந்தான். உள்ளே கால் வைத்தான். பின்னால் கதவு 'படார்' என்று தானே சாத்திக்கொண்டது. திரைச்சீலை ஒன்று அவன் முகத்தில் அறைந்தது. இன்னொன்று வெளியே, கடலை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. சட்டைக்குள் ஏதோ புகுந்து, கழுத்து வழியாக வெளியேறியது.

இரண்டு சன்னல்களிலும் கதவு இல்லை. கீல் இருந்த இடத்தில் நான்கு நான்கு ஓட்டைகள்தான் இருந்தன.

கீழே தெருவில் குஸ்மா நான்கு சன்னல் கதவுகளைத் தோளில் சுமந்துகொண்டு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். வாயில் பாதாம் கேக்.

"குஸ்மா! என்னடா இது?"

"நீதானே எழுதியிருந்தே, கதவு கிடையாதுன்னு?" என்று மெல்லாமல் விழுங்கிவிட்டுக் கத்தினான் குஸ்மா. "தோப்ரிலா கழட்டச் சொன்னா. நீ வாசல்ல ஒட்டினதைக் காட்டினா. ஒட்டினா ஒட்டினதுதானேடா!"

தோப்ரிலா பின்னாலேயே வந்து நின்றாள்.

"அது சும்மா எழுதினதுடி!" என்று யெர்கோ இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டான்.

"சும்மாவா? கேப்டன் கரையில நிக்க, படகை அஞ்சு மணிக்கு அனுப்பின ஆளு நீ. பொய் விளம்பரம்னு இன்ஸ்பெக்டர் வந்தா யார் பதில் சொல்றது?"

"இந்த ரூமைத்தான் யாரும் எடுக்கலையே! அப்புறம் யாருக்காகக் கழட்டினே?"

தோப்ரிலா செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எடுக்கலையா? போன் பண்ணின எட்டு பேரும் முதல்ல இந்த ரூமைத்தான் கேட்டாங்க. குறுக்குக் காத்துக்காக அவங்க ஊர்ல உசிரையே கொடுப்பாங்களாம், அவ்வளவு பிடிக்குமாம். நான்தான் நோ சொன்னேன். நிலவறையைக் காட்டிவிட்டேன்."

"ஏன்?"

"போன ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை. இருந்தவங்க காலையில கிளம்பிட்டாங்க, அடுத்தவங்க சாயங்காலம்தான் வர்றாங்க. விரிப்பு மாத்த வந்தேன். ரெண்டு சன்னலையும் திறந்துபோட்டுட்டுப் போயிருந்தாங்க. மூடத்தான் வந்தேன், யெர்கோ. சத்தியமா. கால் வலிக்குதேன்னு ஒரு நிமிஷம் படுத்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுந்தேன்."

"செத்திருப்பே!"

"செத்திருந்தாலும் நிம்மதியாச் செத்திருப்பேன். முப்பத்தொரு வருஷம்! ரெண்டு பக்கமும் அடைச்சு, கதவிடுக்குல துண்டைத் திணிச்சு, மூடிபோட்ட பானைக்குள்ள அவிஞ்ச மாதிரி உன் பக்கத்துல படுத்திருந்தேன். பன்னிரண்டு வருஷமா இந்த ரூம்ல வந்து தங்கினவங்களை எண்ணிப் பாத்தேன். ஒருத்தரையும் தூக்கிட்டுப் போகலை. எல்லாரும் நடந்துதான் போனாங்க. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்தக் கட்டில்ல, இந்தக் காத்துல, ஒரு கோடையாவது நான் படுக்கணும்னு. நல்ல கட்டிலா வாங்கினதும் அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவள் காலை நீட்டினாள். கடலிலிருந்து வந்த காற்று அவள் முடியைக் கலைத்துவிட்டு, எதிர்ச் சன்னல் வழியாக மலைப் பக்கம் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் குஸ்மா வீட்டுக்குப் போறேன்!"

"உன் தாளைப் பாத்து அவன் பொண்டாட்டியும் நிலவறையை வாடகைக்கு விட்டுட்டா. அவன் ரெண்டு நாளா படகுல படுக்கிறான். வெட்கப்பட்டுக்கிட்டு உன்கிட்ட சொல்லலை."

"அப்போ நான் எங்கதான் படுக்கறது?"

தோப்ரிலா கண்ணைத் திறக்காமலே, தலைமாட்டில் தயாராக வைத்திருந்த அசல் தாளை எடுத்து நீட்டினாள். "பதினாலாவது."

யெர்கோ தன் கையெழுத்தைத் தானே வாசித்தான். இந்த வீட்டை விட்டால் இவ்வூரில் படுக்க வேறு இடமே கிடையாது. நன்கு யோசித்து முடிவு செய்யவும்.

நன்கு யோசித்தான். அலமாரியைத் திறந்தான். ஜனவரி மாதத்துக் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டான். கழுத்துக்குட்டையை மூன்று சுற்றுச் சுற்றினான். கையுறை மாட்டினான். பிறகு, கோவிலில் மணி ஒன்று அடிக்க, பயணிகள் எல்லாரும் அரைக்கால் சட்டையோடு கடலில் குதித்துக்கொண்டிருக்க, தன் கட்டிலின் ஓர் ஓரத்தில் மெல்லச் சாய்ந்து முனகத் தொடங்கினான்.

"நம்ம கட்டில்," என்று தோப்ரிலா தூக்கக் கலக்கத்தில் திருத்தினாள்.

முனகல் நிற்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கிப் போனாள். மாற்றக் கூடாது என்றுதானே ஒப்பந்தம்? சேர்க்கக் கூடாது என்று யார் சொன்னது? பதினான்குக்குக் கீழே, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினாள்:

"15. மதிய வேளையில் மாடியிலிருந்து முனகல் கேட்கும். வீட்டுக்காரர்தான். பயணிகள் அஞ்ச வேண்டாம்."